கேம் செய்யறவங்களுக்கு ஒரு அம்மாவோட திறந்த மடல்: நிறுத்தறதுக்கு ஒரு இடம் வச்சுக் குடுங்க

வீடியோ கேம் டிசைன் பண்றவங்களுக்கும், அதுக்கு கோட் எழுதறவங்களுக்கும், எந்த ஃபீச்சர் உள்ள வரணும் எது வேண்டாம்னு முடிவு பண்ற புரொடியூசர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு 10 வயசுல ஒரு பையன் இருக்கான், அவனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனத்தை ஒரு இடத்துல நிறுத்தறதும் அவசரத்தை அடக்கறதும் கஷ்டமா இருக்கற மூளை வளர்ச்சிக் குறைபாடு. நீங்க செய்யற கேம்னா அவனுக்கு உயிர். கேமை தடை பண்ணுங்க, குழந்தைங்க கையில இருந்து பிடுங்குங்கன்னு கேக்க நான் இதை எழுதல, அந்த மாதிரி மடல் உங்களுக்கு நிறைய வந்திருக்கும். நான் கேக்கறது ஒண்ணுதான். உங்க கேமுக்குள்ள நிறுத்தறதுக்கு ஒரு இடம் வேணும். ஒரு குழந்தை "சரி, இன்னைக்கு இவ்வளவுதான்"னு தானா எழுந்து வர்ற மாதிரி ஒரு இடம். இப்ப அது இல்ல, இல்லாததால எங்க மாதிரி வீடுகள்ல சாயங்காலம் என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியணும்னு நினைக்கறேன்.

முதல்ல கேம் அவனுக்கு என்ன குடுக்குதுன்னு சொல்லிடறேன், அதை சொல்லாம குறை மட்டும் சொன்னா நியாயம் இல்ல. ஏடிஹெச்டி குழந்தையோட ஒரு நாள் முழுக்க திருத்தறதுலயே போகும். உக்காரு, ஆடாத, குறுக்க பேசாத, நோட்டு எங்க, பென்சில் எங்க, எத்தனை தடவை சொல்றதுன்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பான். கேமுக்குள்ள போனா யாரும் அப்படி சொல்றதில்ல. தப்பு பண்ணா அதே நொடியில தெரியுது, அடுத்த நொடியே மறுபடியும் முயற்சி பண்ணலாம், போன தடவை தோத்தத யாரும் ஞாபகப்படுத்தறதில்ல. என்ன பண்ணணும்னு ஸ்க்ரீன்லயே இருக்கு, பண்ணி முடிச்சதும் கைமேல பலன் கிடைக்குது. பத்து நிமிஷம் ஒரு கணக்குல உக்கார முடியாத பையன் ஒரு பாலத்தை எப்படி கட்டறதுன்னு பொறுமையா யோசிக்கறத பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். கிளாஸ்ல இவனோட சேர யோசிக்கற பசங்க ஆன்லைன்ல இவனைக் கூப்பிடறாங்க. இதெல்லாம் நீங்க குடுத்தது, அதுக்கு மனசார நன்றி.

கேம் ஆடித்தான் புள்ள இப்படி ஆயிட்டான்னு சொல்றவங்க எங்க சொந்தக்காரங்கள்லயே இருக்காங்க. அதை நான் ஏத்துக்கறதில்ல. இரட்டைக் குழந்தைகளை வச்சு பண்ண ஆய்வுகள் எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஏடிஹெச்டில பரம்பரையோட பங்கு சுமார் 74 சதவீதம்னு வருது, உயரம் எவ்வளவு பரம்பரையோ கிட்டத்தட்ட அதுக்கு பக்கத்துல. 2018ல அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனோட ஜாமா இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, லாஸ் ஏஞ்சல்ஸ்ல 15, 16 வயசுல இருந்த 2,587 பசங்களை ரெண்டு வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க, டிஜிட்டல் மீடியாவை ரொம்ப அடிக்கடி பயன்படுத்தறவங்ககிட்ட பின்னாடி ஏடிஹெச்டி அறிகுறிகள் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு, ஆனா அந்த தொடர்பு சின்னதுதான், இதுதான் காரணம்னு அந்த ஆய்வு நிரூபிக்கவும் இல்ல. அதனால என் பையனோட ஏடிஹெச்டிக்கு உங்களை குத்தம் சொல்ல மாட்டேன். அந்த மூளையோட ஒரு பிள்ளை உங்க கேமுக்குள்ள வந்த பிறகு வெளிய வர்ற வழி எப்படி இருக்குங்கறதுதான் என் கேள்வி.

கேமை நிறுத்தறதுங்கறது பெரியவங்களுக்கு ஒரு பட்டனை அமுக்கறது. ஏடிஹெச்டி குழந்தைக்கு அது நாலஞ்சு வேலை. முதல்ல நேரம் ஆயிடுச்சுன்னு உணரணும். அப்புறம் முழு கவனமும் ஒட்டிக்கிட்டு இருக்கற ஒரு விஷயத்துல இருந்து கவனத்தை பிரிச்சு எடுக்கணும். கைக்கு வரப்போற பரிசை விட்டுட்டு வர்ற ஏமாத்தத்தை தாங்கணும். அதுக்கப்புறம் குளிக்கறது, ஹோம்வொர்க், பல் தேய்க்கறதுன்னு எந்த பரிசும் இல்லாத ஒரு வேலையை ஆரம்பிக்கணும். இந்த ஒவ்வொண்ணுமே ஏடிஹெச்டில பலவீனமா இருக்கற இடம். நேரம் போறதை உணர முடியாத இந்தத் தன்மையைப் பத்தி ரஸ்ஸல் பார்க்லிங்கற உளவியலாளர் பல வருஷமா பேசிக்கிட்டு இருக்கார், தன்னைத்தானே கட்டுப்படுத்தற திறமையில இந்தக் குழந்தைங்க தங்களோட வயசுப் பசங்களை விட சுமார் 30 சதவீதம் பின்னாடி இருப்பாங்கன்னு வச்சுக்கோங்கன்னு அவர் பெத்தவங்களுக்கு சொல்லுவார். அப்படிப் பாத்தா என் 10 வயசுப் பையனுக்கு நிறுத்தற விஷயத்துல 7 வயசு. இது வெறும் பேச்சும் இல்ல. 2007ல அமெரிக்காவோட தேசிய மனநல ஆய்வு நிறுவனத்துல ஃபிலிப் ஷாவும் அவரோட குழுவும் குழந்தைகளோட மூளையை ஸ்கேன் பண்ணி பாத்தாங்க, மூளையோட மேல்பட்டை தடிமன்ல உச்சத்தை எட்டற வயசு மத்த பிள்ளைங்களுக்கு பாதிக்குப் பாதி இடங்கள்ல 7.5ல வந்துச்சு, ஏடிஹெச்டி பிள்ளைங்களுக்கு 10.5. அதுலயும் ரொம்ப தாமதமா வளர்ந்தது முன்பக்கம்தான், யோசிச்சு நிதானிச்சு நிறுத்தற பகுதி. அந்தப் பகுதி வளரும், வளர்ந்துக்கிட்டுதான் இருக்கு, ஆனா உங்க கேம் அவன் கையில இருக்கறது இப்ப.

கேம் ஆடும்போது மூளையில டோபமைன்ங்கற, ஆர்வத்தையும் பலனையும் உணர வைக்கற ரசாயனம் சுரக்குதுன்னு 1998லயே நேச்சர் இதழ்ல வந்துச்சு, டாங்க் ஓட்டற ஒரு கேமை 8 பேரை ஆட வச்சு, மூளைக்குள்ள நடக்கற ரசாயன மாத்தத்தைக் காட்டற பெட் ஸ்கேன்ல பாத்தாங்க, யாரு நல்லா ஆடினாங்களோ அவங்களுக்கு அந்த மாத்தம் அதிகமா இருந்துச்சு. டோபமைன்னு சொன்னதும் ஏதோ விஷம் மாதிரி பயமுறுத்தறாங்க, அது சரியில்ல, ஒரு வேலையில மனசு ஈடுபடறதுக்கு எல்லாருக்குமே அது வேணும். ஆனா ஏடிஹெச்டி மூளையில அந்த வழி சாதாரண விஷயங்களுக்கு சரியா வேலை செய்யறதில்ல, தூரத்துல வரப்போற பலனுக்காக இப்ப காத்திருக்கறது அவங்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். கையிலயே பலன் கிடைக்கற இடத்துல இருந்து, பலனே தெரியாத இடத்துக்கு வான்னு நாங்க தினமும் கூப்பிடறோம்.

இதுல மருந்து விஷயம் ஒண்ணு இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. ஏடிஹெச்டிக்குக் குடுக்கற மெதில்ஃபெனிடேட் மாதிரி மருந்து எடுத்துக்கற பிள்ளைங்களுக்கு குறுகிய நேர வகை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும், நீண்ட நேர வகை 8ல இருந்து 12 மணி நேரம் வரைக்கும். காலையில குடுத்தா ஸ்கூல் நேரம் நல்லா ஓடிடும். அது இறங்கற நேரம் சாயங்காலம். சில குழந்தைங்களுக்கு இறங்கும்போது எரிச்சல், அழுகை, துறுதுறுப்பு எல்லாம் முன்ன விட அதிகமாவே வரும். பிள்ளைங்க கேம் ஆடறதும், நாங்க நிறுத்துன்னு சொல்றதும் அதே நேரத்துலதான். அதாவது நிறுத்தறதுக்கு அவனுக்கு உதவி ரொம்ப தேவைப்படற நேரத்துல மருந்தோட உதவியும் இல்ல, கேமோட உதவியும் இல்ல.

கேமோட உதவின்னு நான் சொல்றது புதுசா கண்டுபிடிக்கற விஷயம் இல்ல. பழைய கேம்கள்ல அது தானாவே இருந்துச்சு. லெவல் முடியும், திரை ஒரு நிமிஷம் அமைதியாகும், ஸ்கோர் வரும், தொடரவா வேண்டாமான்னு கேக்கும். நடுவுல நிறுத்தி வைக்கற பாஸ் பட்டன் இருந்துச்சு, அமுக்கிட்டு சாப்பிட்டு வந்தா விட்ட இடத்துல அப்படியே நிக்கும். இப்ப ஆன்லைன்ல பல பேரு சேர்ந்து ஆடறதுல பாஸ் கிடையாது, அது டெக்னிக்கலா முடியாதுன்னு எனக்கும் புரியுது. ஆனா மேட்ச் முடிஞ்சதும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அடுத்த மேட்சுக்கு கவுண்ட்டவுன் ஓடறது டெக்னிக்கல் கட்டாயம் இல்ல, அதை யாரோ உக்காந்து முடிவு பண்ணியிருக்காங்க. இன்னைக்கு வந்தா ஒரு பரிசு, நாளைக்கும் வந்தா பெரிய பரிசு, ஒரு நாள் விட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு வைக்கற ஸ்ட்ரீக்கும் யாரோ முடிவு பண்ணதுதான். சீசன் முடிய இன்னும் இவ்வளவு நாள், அதுக்குள்ள எடுக்கலைன்னா இந்த ஸ்கின், அதாவது கேரக்டருக்குப் போடற உடை, திரும்ப வராதுன்னு சொல்றதும் அப்படித்தான். ஒவ்வொண்ணா பாத்தா சின்ன விஷயம், எல்லாம் சேர்ந்தா ஒரு பிள்ளை எந்த நிமிஷத்துல எழுந்தாலும் எதையோ இழந்துட்டுதான் எழணும்னு ஆயிடுது.

பெத்தவங்களுக்குத்தான் டைம் லிமிட் குடுத்திருக்கோமேன்னு நீங்க சொல்லுவீங்க. அதைப் பத்திதான் நான் விரிவா சொல்லணும். அந்த லிமிட் பெரும்பாலும் ரெண்டு விதமா இருக்கு. ஒண்ணு, நேரம் முடிஞ்சுதுன்னு திரையோட ஓரத்துல ஒரு அறிவிப்பு வரும், அதை தட்டி விட்டுட்டு தொடர்ந்து ஆடலாம். முழுசா மூழ்கி இருக்கற ஏடிஹெச்டி குழந்தைக்கு அந்த அறிவிப்பு கண்ணுல கூட படாது, அது பொய் இல்ல, நாங்க பேர் சொல்லிக் கூப்பிட்டாலே காதுல விழாது. இன்னொண்ணு, நேரம் முடிஞ்ச அந்த நொடியே கேம் நின்னுடும். மேட்ச் நடுவுல இருந்தாலும் சரி, கடைசி ரெண்டு பேரு மிச்சம் இருக்கும்போதா இருந்தாலும் சரி, சேவ் ஆகறதுக்கு முந்தின நொடியா இருந்தாலும் சரி. அது ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி ஓடற பஸ்ல இருந்து ஒரு குழந்தையை இறங்கச் சொல்ற மாதிரி இருக்கு. அவன் கத்தறான், கன்ட்ரோலரை வீசறான், அம்மா என்னை ஏமாத்திட்டன்னு அழறான். அது அடம் இல்ல. அவன் கூட ஆடிக்கிட்டு இருந்த நண்பங்க நடுவுல விட்டுட்டு ஓடிட்டான்னு மறுநாள் திட்டறாங்க, கேமும் பாதியில போனதுக்கு அவன் பாயிண்டை குறைக்குது, அடுத்த மேட்ச் சேர விடாம கொஞ்ச நேரம் தடையும் போடுது. பெத்தவங்க வச்ச லிமிட்டால நின்னதுன்னு அந்த மெஷினுக்குத் தெரியும், ஏன்னா நிறுத்தினதே அதுதான். ஆனா தண்டனை குழந்தைக்குப் போகுது. அம்மா சொன்னதைக் கேட்டதுக்கு தண்டனை கிடைக்குதுன்னா அடுத்த தடவை அவன் என்ன முடிவு எடுப்பான்?

இதை சரி பண்றது கஷ்டமான வேலைன்னு எனக்குத் தோணல. ஒரு மேட்ச் சராசரியா எவ்வளவு நேரம் ஓடும்னு உங்ககிட்ட துல்லியமா கணக்கு இருக்கு. குழந்தைக்கு மிச்சம் 12 நிமிஷம் இருக்கு, மேட்ச் 20 நிமிஷம் ஓடும்னா, மேட்சுக்கு முன்னாடி காத்திருக்கற லாபியிலயே "இன்னொரு மேட்சுக்கு நேரம் பத்தாது, இதோட முடிச்சுக்கலாம்"னு சொல்லி உள்ள விடாம இருக்கலாம். ஆரம்பிச்ச மேட்சை முடிக்க விடலாம், முடிஞ்ச பிறகு பூட்டலாம். தாண்டின நிமிஷத்தை நாளைக்கு கழிச்சுக்கலாம். பெத்தவங்களோட லிமிட்டால வெளிய போற பிள்ளைக்கு பெனால்ட்டி போடாம இருக்கலாம். அறிவிப்பை கேமுக்கு வெளிய ஓரத்துல காட்டாம கேமுக்குள்ளயே காட்டலாம், அவன் பாக்கற கேரக்டரே சொல்லட்டும், வானம் இருட்டட்டும், இசை மெதுவாகட்டும். கண்ணால பாக்கற நேரம்தான் ஏடிஹெச்டி குழந்தைக்கு நேரம், அதனாலதான் டாக்டர்களும் தெரபிஸ்ட்களும் மணி காட்டற கடிகாரத்தை விட சிவப்பு கலர் குறைஞ்சுக்கிட்டே வர்ற டைமரை வாங்கி வைக்கச் சொல்றாங்க. அதை எங்களை விட அழகா செய்யற திறமை உங்ககிட்டதான் இருக்கு.

அரசாங்கம் சட்டம் போட்டா சரியாயிடும்னு சில பேர் சொல்றாங்க. தென் கொரியாவுல 2011ல ஒரு சட்டம் வந்துச்சு, 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்க நடு ராத்திரி 12ல இருந்து காலை 6 வரைக்கும் ஆன்லைன் கேம் ஆட முடியாது. பத்து வருஷம் ஓடிச்சு, 2022ல எடுத்துட்டாங்க. சீனாவுல 2021ல இருந்து 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்கள்ல மட்டும் ராத்திரி 8ல இருந்து 9 வரைக்கும் ஆடலாம். இந்தச் சட்டங்களோட நோக்கத்தை நான் தப்புன்னு சொல்ல வரல. ஆனா இது எல்லாமே கடிகாரத்தைப் பாத்து கதவை மூடறது, 9 மணிக்கு மேட்ச் எந்த இடத்துல இருக்குன்னு கடிகாரத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனாலதான் மந்திரிகளுக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன்.

நிறுத்தறதை நல்லபடியா செய்ய முடியும்னு உங்க ஆளுங்களே காட்டியிருக்காங்க. 2004ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற ஆன்லைன் கேமை சோதனைக்கு விட்டப்ப, ரொம்ப நேரம் ஆடினா கிடைக்கற பாயிண்ட் பாதியா குறையற மாதிரி வச்சிருந்தாங்க. ஆடினவங்க எல்லாரும் கோபப்பட்டாங்க. அப்ப டிசைனர்கள் பண்ணது என்னன்னா கணக்கை அப்படியே வச்சுக்கிட்டு சொல்ற விதத்தை மட்டும் மாத்தினாங்க, ஓய்வு எடுத்துட்டு வந்தா ரெண்டு மடங்கு பாயிண்ட், அப்புறம் வழக்கமான பாயிண்ட்னு. அதே எண்ணுதான், ஆனா வெளிய போறதே ஒரு லாபமா மாறிடுச்சு, எல்லாரும் சந்தோஷமா ஏத்துக்கிட்டாங்க. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். போயிட்டு வான்னு சொல்லி அனுப்பற கேமுக்கு ஒரு குழந்தை மறுபடியும் சந்தோஷமா வருவான், நீங்க பயப்பட வேண்டாம். அனிமல் கிராஸிங்ங்கற கேம்ல ராத்திரி 10 மணிக்கு கடையை மூடிடறாங்க, நாளைக்கு வாங்கன்னு அந்த உலகமே சொல்லுது. அந்த மாதிரி மெதுவா முடியற கேம் ஆடற நாள்ல என் பையன் எழுந்து வர்ற விதமே வேற, வந்து அங்க என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட கதை சொல்றான்.

இன்னும் ஒரு உதாரணம் இருக்கு, அது நேரா எங்க பிள்ளைங்களுக்காகவே வந்தது. 2020 ஜூன்ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, எண்டெவர்ஆர்எக்ஸ்னு ஒரு வீடியோ கேமை ஏடிஹெச்டி இருக்கற 8ல இருந்து 12 வயசுக் குழந்தைங்களுக்கு டாக்டர் சீட்டு எழுதிக் குடுக்கலாம்னு அனுமதிச்சுது. மருந்துக்கு பதிலா அதுவே போதும்னு யாரும் சொல்லல, கவனத்தை அளக்கற கம்ப்யூட்டர் சோதனையில முன்னேற்றம் தெரிஞ்சுதுன்னுதான் அனுமதி. எனக்கு அதுல முக்கியமா பட்டது அந்த கேமுக்கு அளவு இருக்குங்கறது. ஒரு நாளைக்கு 25 நிமிஷம், வாரத்துக்கு 5 நாள், 4 வாரம். ஒரு கேமை எவ்வளவு ஆடணும்னு அதை செஞ்சவங்களே சொல்லிக் குடுக்கறது நடக்காத காரியம் இல்லன்னு அது காட்டிடுச்சு.

பணம் விஷயத்தையும் சொல்லாம விட முடியல. யோசிக்கறதுக்கு முன்னாடி கை போயிடறதுதான் ஏடிஹெச்டியோட அடிப்படையே. அந்தக் குழந்தை முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு பெட்டியை வச்சு, திறந்தா ஒருவேளை கிடைக்கலாம்னு சொன்னா அவனால எப்படி விட முடியும். எப்ப கிடைக்கும்னு தெரியாத பரிசுதான் ஒரு உயிரை விடாம திரும்பத் திரும்ப ஒரே காரியத்தை செய்ய வைக்கும்னு ஸ்கின்னர்ங்கற உளவியலாளர் புறாக்களை வச்சு 1950கள்லயே காட்டிட்டார், உங்களுக்கு இது நல்லாவே தெரியும். இந்த மாதிரி பெட்டிக்கு லூட் பாக்ஸ்னு பேரு, பெல்ஜியம் 2018லயே பணம் குடுத்து வாங்கற லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்துக்குள்ள வரும்னு சொல்லிடுச்சு. 2022 டிசம்பர்ல வாங்கறவங்களைப் பாதுகாக்கற அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் போட்ட வழக்குல ஃபோர்ட்நைட்ங்கற ஆன்லைன் கேமை நடத்தற எபிக் கேம்ஸ் மொத்தம் 520 மில்லியன் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க, அதுல 245 மில்லியன் தெரியாம வாங்க வச்சதுக்காக திருப்பித் தர்றதுக்கு, ஒரே ஒரு பட்டன் தவறா பட்டாலே பணம் போற மாதிரி இருந்துச்சுங்கறது அந்தப் புகார்ல இருந்தது. பிரிட்டன்ல குழந்தைகளோட தரவைப் பாதுகாக்கற விதிமுறை 2021 செப்டம்பர்ல இருந்து முழுசா அமல்ல இருக்கு, குழந்தைங்க தங்களைப் பத்தின தேவையில்லாத விவரத்தைத் தர்ற மாதிரியோ, பாதுகாப்பு செட்டிங்கை அணைக்கற மாதிரியோ தூண்டக்கூடாதுன்னு அதுல தெளிவாவே இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு சட்டம் வந்து சொன்ன பிறகுதான் நீங்க மாத்தணுமா? பணம் கேக்கற இடத்துல ஒரு பாஸ்வேர்டும், 24 மணி நேரம் யோசிக்க டைமும் குழந்தை அக்கவுண்ட்டுக்கு தானாவே ஆன்ல இருந்தா பாதி வீடுகள்ல சண்டை குறையும்.

எல்லாத்தையும் எங்க தலையில போடறீங்களேன்னு உங்களுக்குத் தோணலாம். எங்க பங்கை நாங்க செய்யறோம். எங்க வீட்டுல நிமிஷக் கணக்கு கிடையாது, மேட்ச் கணக்கு. "அரை மணி நேரம்"னு சொன்னா அவனுக்கு ஒண்ணும் புரியாது, "ரெண்டு மேட்ச்"னு சொன்னா புரியும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்ச பிறகு என்ன பண்ணப் போறோம்னு அவன் வாயாலயே சொல்ல வைப்போம், அதுவும் உடம்பு அசையற மாதிரி ஏதாவது ஒண்ணு, குதிக்கறது, சைக்கிள், தண்ணியில விளையாடறது, நேரா ஹோம்வொர்க்குக்கு இழுக்கறதில்ல. கடைசி மேட்ச்ல நானோ அவங்கப்பாவோ பக்கத்துல போய் உக்காந்து இது யாரு, அங்க ஏன் ஒளியறன்னு கேப்போம், அவன் எங்களுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சாலே அந்த ஆழத்துல இருந்து கொஞ்சம் மேல வந்துடுவான். தூரத்துல இருந்து கத்தினா அது நடக்காது. தூங்கறதுக்கு முன்னாடி கடைசி ஒரு மணி நேரம் திரையே கிடையாது, ஏடிஹெச்டி குழந்தைங்களுக்கு தூக்கம் ஏற்கனவே தள்ளிப் போகும், அதனால மெஷின் ஹாலோட சரி, படுக்கற ரூமுக்கு வராது. அதிகமா ஆடற நேரத்தை லீவு நாள் காலைக்கு மாத்தினோம், ஸ்கூல் நாள் சாயங்காலத்துக்கு சீக்கிரம் முடியற கேம் மட்டும்தான். எவ்வளவு கோபம் வந்தாலும் அவன் கட்டினதை அழிக்கறதில்ல, சேவ் பண்ணி வச்சதை தொடறதில்ல, அது அவனோட உழைப்பு.

அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் 2016ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி ரெண்டு மணி நேரம்னு சொல்றதை விட்டுட்டு, வீட்டுக்கு ஏத்த மாதிரி திட்டம் போட்டுக்கோங்க, தூக்கமும் விளையாட்டும் படிப்பும் கெடாம பாத்துக்கோங்கன்னு மாத்திடுச்சு. நாங்க போட்ட திட்டம் அதுதான், நாளுக்கு நாள் திருத்திக்கிட்டும் இருக்கோம். ஆனா அந்தத் திட்டம் மொத்தமும் கேம் நிக்கற அந்த ஒரு நிமிஷத்துல உடையுது, அந்த நிமிஷம் எங்க கையில இல்ல, உங்க கையில இருக்கு.

பெத்தவங்க இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிக்கறேன், நிறுத்தும்போது பிள்ளை அழறான்னதுமே அடிமை ஆயிட்டான்னு முடிவு பண்ணாதீங்க. உலக சுகாதார நிறுவனம் கேமிங் டிஸார்டரை நோய்களை வகைப்படுத்தற தன்னோட ஐசிடி-11 பட்டியல்ல சேத்துச்சு, 2022 ஜனவரியில இருந்து அமல்ல இருக்கு, ஆனா அதுக்கு கட்டுப்பாடே இல்லாம போகணும், வாழ்க்கையில மத்த எல்லாத்தையும் கேம் பின்னாடி தள்ளணும், கெடுதல் வந்த பிறகும் நிக்காம தொடரணும், அது பொதுவா 12 மாசம் அளவுக்கு இருக்கணும். ஸ்கூல் போயிட்டு, நண்பங்களோட ஓடி ஆடிட்டு, நிறுத்தும்போது மட்டும் உடையற குழந்தைக்கு தேவை வேற. அவனுக்கு இறங்கறதுக்கு உதவி வேணும். ஏடிஹெச்டி இருக்கறவங்க அந்த எல்லையை நோக்கி சுலபமா போயிடலாம்ங்கறதும் உண்மை, ஸ்கூல் போக மாட்டேங்கறான், சாப்பிடறதில்ல, ராத்திரி முழுக்க முழிச்சிருக்கான்னா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட பேசுங்க.

மறுபடியும் உங்ககிட்ட வர்றேன். உங்க ஆபீஸ்ல ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் உள்ள இருந்தான், மறுநாள் திரும்ப வந்தானா, வாரம் கழிச்சு வந்தானான்னு அளக்கறீங்க, அதை வச்சுதான் ஃபீச்சர் நல்லா இருக்கா இல்லையான்னு முடிவு பண்றீங்க. அதோட கூட இன்னொண்ணையும் அளந்து பாருங்கன்னு கேக்கறேன். பெத்தவங்க வச்ச லிமிட் வந்தப்ப எத்தனை பிள்ளைங்க மேட்ச் நடுவுல வெட்டப்பட்டாங்க, எத்தனை பிள்ளைங்க மேட்ச் முடிச்சு நல்லபடியா வெளிய போனாங்க. அந்த ரெண்டு எண்ணும் உங்க சர்வர்லயே இருக்கு, யாரும் கேக்காததால யாரும் பாக்கல. கேமை வெளிய விடறதுக்கு முன்னாடி பல வயசுப் பிள்ளைங்களை உக்கார வச்சு ஆடச் சொல்லிப் பாக்கறீங்கல்ல, அதுல ஏடிஹெச்டி பிள்ளைங்களையும் கூப்பிடுங்க, அவங்க எப்படி ஆடறாங்கன்னு மட்டும் பாக்காதீங்க, போதும்னு சொன்ன பிறகு வர்ற அஞ்சு நிமிஷம் அந்த ரூம்லயே இருந்து பாருங்க. நூத்துல சுமார் 5 குழந்தைங்களுக்கு ஏடிஹெச்டி இருக்குன்னு உலக அளவுல கணக்கு சொல்லுது, உங்க கேமை கோடிக்கணக்குல ஆடறாங்கன்னா அதுல எங்க பிள்ளைங்க எத்தனை லட்சம் பேர்னு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தச் சொல்லல. ஸ்ட்ரீக்கை எடுக்கறதுக்கு உங்க மேனேஜ்மெண்ட்ல பல பேரோட பேசணும், லூட் பாக்ஸை எடுக்கறதுக்கு வருமானக் கணக்கு குறுக்க நிக்கும், அந்தப் பேச்சை நீங்க உள்ள ஆரம்பிக்கணும்னு நான் மனசார கேட்டுக்கறேன். ஆனா அது முடியற வரைக்கும் காத்திருக்காம அடுத்த அப்டேட்லயே ஒண்ணு செய்யலாம். மேட்ச் ஆரம்பிக்கற பட்டனுக்குப் பக்கத்துல இன்னொரு பட்டன், "இதுதான் கடைசி மேட்ச்". பிள்ளையே அதை அமுக்கட்டும், அவன் எடுத்த முடிவா இருக்கட்டும். மேட்ச் முடிஞ்சதும் கவுண்ட்டவுன் வேண்டாம், அடுத்த பரிசு பளபளன்னு வர வேண்டாம், இன்னைக்கு நீ என்ன பண்ணன்னு காட்டி, எல்லாம் பத்திரமா இருக்குன்னு சொல்லி, கேம் தானா மூடிக்கட்டும். அந்த பட்டனை எங்க வைக்கலாம், என்ன கலர்ல வச்சா எங்க பிள்ளைங்க கண்ணுல படும், எந்த வார்த்தையில சொன்னா அவங்களுக்குப் புரியும்னு கேக்கணும்னா என்னை மாதிரி அம்மா அப்பா நிறைய பேர் தயாரா இருக்கோம், எங்க பிள்ளைங்களும் உக்காந்து சொல்லுவாங்க.

இப்படிக்கு,
ஏடிஹெச்டி இருக்கற, உங்க கேமை ரொம்ப நேசிக்கற ஒரு பையனோட அம்மா